கடல் தாண்டும் சீட்டு – 14: துண்டு முதல் பயிற்சி விசா வரை

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில் இலைத்துரு நோய் முதன்முதலாகக் கண்ணில் பட்டதையும், அடுத்த இருபது ஆண்டுகளில் ஊவா மலைச்சரிவுகள் கோப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறியதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். பயிர் மாறியபோது ஆட்தேவையும் மாறியது. கோப்பி பருவத்துக்கு ஆள் கேட்ட பயிர். பழம் பறித்து முடிந்ததும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலையோ வருடம் முழுக்கக் கொழுந்து விடும். காலத்தில் கிள்ளாத கொழுந்து முற்றிப்போகும். ஆகவே நமுனுகுலை மலையடியில் ஸ்பிரிங்வெளியிலும், பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலும், 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்னையிலும் துரைமாருக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஆளைக் கொண்டுவருவது ஒன்று. வந்த ஆள் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது மற்றது. அதுவே பெரிய கவலை. அதட்டலும் அடியும் ஓரளவுக்குத்தான் உதவின. மீதி வேலையைச் செய்தவை சீட்டுகள்.

அந்தச் சீட்டுகளின் கதையை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்று கடல் தாண்டி வந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று அதே லயங்களிலிருந்து மீண்டும் கடல் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுப் பணிப்பெண்ணாக, தென்கொரியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்காக, ஜப்பானுக்குத் தொழில்நுட்பப் பயிற்சியாளராக என்று விசாவின் பெயர்கள் பலவாகிவிட்டன. கலாசாரப் பரிமாற்றம், பருவகால வேலை, திறன் அபிவிருத்தி என்று இன்னும் அழகான பெயர்களும் உலகில் புழங்குகின்றன. இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான்: ஒரு சீட்டின் தன்மையை அதன் பெயரை வைத்து அறிய முடியாது. அதை வைத்திருப்பவர் தமக்குப் பிடிக்காத முதலாளியை விட்டு இன்னொருவரிடம் சட்டப்படி போக முடியுமா என்ற ஒரு கேள்வியே அதன் தன்மையைக் காட்டிக்கொடுக்கும். மலையகத்தின் நூற்றைம்பது வருட அனுபவம் இதற்குச் சாட்சி.

முதற் சாட்சி தகரச் சீட்டு. 1901-1902 காலத்தில் நடைமுறைக்கு வந்த அது ஒரு சிறிய உலோக வில்லை. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் அதில் அடிக்கப்பட்டிருக்கும். துளையில் கயிறு கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை முகாமிலும், பின்னாளில் மண்டபம் முகாமிலும் ஆட்களைப் பிரித்து அனுப்ப இந்த வில்லையே ஆதாரம். தோட்ட முதலாளிகள் 1904இல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாக வைத்து ஆட்சேர்ப்பைக் கவனித்தது. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்தது. வில்லை கழுத்தில் இருந்தால் கப்பலிலும் ரயிலிலும் காசு கேட்கமாட்டார்கள். செலவு வில்லையில் உள்ள தோட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான் என்பதால், ஊவாவுக்கு வந்தவர்கள் கடைசிப் பகுதியைப் பெரும்பாலும் நடந்தே கடந்தார்கள். அப்போதும் வில்லை கழுத்தில் தொங்கியது. வழியிலுள்ள உத்தியோகத்தர் எவரும் வந்தவரின் பெயரையோ ஊரையோ கேட்க வேண்டியிருக்கவில்லை. இலக்கத்தைப் பார்த்தால் போதும். பயணம் இலவசம், ஆனால் போய்ச்சேரும் இடம் ஒன்றே ஒன்று. நடுவழியில் மனம் மாறி வேறு தோட்டத்தைத் தேர்ந்துகொள்ள அந்தச் சீட்டில் இடமில்லை.

இரண்டாவது சாட்சி துண்டு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சட்டம் கொடுத்த சுதந்திரத்தை ஒரு காகிதம் எப்படித் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. மொறிசியசிலும் பிஜியிலும் இருந்ததுபோல ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிமுறை இலங்கையில் வேரூன்றவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தோட்டத் தொழிலாளி மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும் வாய்மொழி ஒப்பந்தத்தில் இருப்பவராகக் கருதப்பட்டார். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு அவர் விலகிப்போகலாம். இதைக் காட்டித்தான் எங்கள் தொழிலாளர் சுதந்திரமானவர்கள் என்று தோட்டக்காரர்கள் பெருமை பேசினார்கள். ஆனால் ஊரில் வாங்கிய முன்பணமும், வழிச்செலவும், அரிசிக் கணக்கும் கங்காணியின் பேரேட்டில் கடனாக ஏறியிருந்தன. தோட்டத்தை விட்டுப் போக விரும்பினால், இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக்கொடுக்கும் துண்டு தேவை. கங்காணி அந்தத் துண்டோடு தோட்டம் தோட்டமாக அலைந்து, கடனை ஏற்கத் தயாரான இன்னொரு துரையைக் கண்டுபிடிக்க வேண்டும். கடன் தீராது, துரை மாறுவார், கடன் கூடவே போகும். துண்டில்லாமல் போனவரை எந்தத் தோட்டமும் சேர்க்காது. முன்னறிவித்தல் கொடுக்காமல் வெளியேறினாலோ அது குற்றம். மூன்று மாதம் வரை சிறை. சட்டப் புத்தகத்தில் ஒரு மாத அறிவித்தலோடு கிடைத்த விடுதலையை நடைமுறையில் துண்டு விழுங்கிவிட்டது.

இந்த முறை நிலைக்காவிட்டால் தோட்டத் தொழிலே குலைந்துவிடும் என்று தோட்டக்காரர்கள் வாதாடினார்கள். ஆளைக் கொண்டுவர நாங்கள் செலவழிக்கிறோம், பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு காசு அதிகம் காட்டிக் கூட்டிப்போனால் எங்கள் முதல் என்னாவது என்பது அவர்கள் கேள்வி. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டைச் சட்டவிரோதமாக்கியது. வேலையை விட்டுப் போனதற்காகச் சிறை என்ற நிலையையும் நீக்கியது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமும், அதையொட்டி 1923இல் இலங்கைக்கு வந்த இந்திய அரசின் முகவரும், 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. தோட்டங்கள் குலைந்தனவா? இல்லை. இருபதுகளில் தேயிலை மேலும் பரவியது. உண்மையில் மாறியது வேறொன்று. வேலையை விடுவது குற்றமாக இருந்த இடத்தில் சங்கம் வேர்பிடிப்பது எளிதல்ல. அந்தத் தடை விலகிய பத்தாவது வருடம், 1931இல், கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்றே சம்மேளனம் தொடங்கினார். 1940 மே மாதம் பதுளைப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் சமசமாஜிகளின் சங்கம் நடத்திய வேலைநிறுத்தம் ஊவா முழுவதையும் உலுக்கியது. இவற்றுக்கெல்லாம் துண்டு ஒழிப்பு ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் விலகிப்போகும் உரிமை கையில் இருப்பவரே நின்று பேரம் பேசவும் துணிவார் என்பதை அந்த இருபது வருடங்கள் காட்டுகின்றன.

அதே காலத்தில் அதே மலைகளில் கடல் தாண்டி வந்த இன்னொரு வகைப் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் தேயிலைத் தொழில் கற்க வந்த இளைஞர்களைத் தோட்டங்களில் ‘கிரீப்பர்’ என்று அழைத்தார்கள். மலையில் நின்று கொழுந்தையும் தொழிற்சாலையில் நின்று வாட்டலையும் அரைப்பையும் கற்று, தமிழும் பேசப் பழகிக்கொண்டால் சின்னத்துரை, பிறகு பெரியதுரை. அவர்களில் ஒருவர் அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். மடுல்கலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்தவர், தொழிலாளர் நிலையைக் கண்டு சமசமாஜக் கட்சி மேடையில் ஏறினார். 1937 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். மே மாதம் உயர் நீதிமன்றம், பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையில், அந்த உத்தரவு சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்த்தது. பயிற்சிக்காகக் கடல் தாண்டியவர் தோட்டத்தை விட்டு வெளியேறலாம், பேசலாம், அரசை எதிர்த்து வழக்காடி வெல்லலாம் என்பதற்கு அவர் உதாரணம். உண்மையான பயிற்சி எது என்பதற்கான அளவுகோலும் இங்கேயே கிடைக்கிறது. கிரீப்பராக வந்தவர் நாளை துரையாவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தகரச் சீட்டோடு வந்தவர் எத்தனை வருடம் கொழுந்து பறித்தாலும் அவரைத் துரையாக நினைத்துப் பார்த்தவர் எவருமில்லை.

1939 ஓகஸ்டில் இந்தியா திறனற்ற தொழிலாளரை இலங்கைக்கு அனுப்புவதைத் தடைசெய்தது. வருகை நின்றது. அதன்பின் வந்தது சீட்டே இல்லாத காலம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அடுத்த வருடத்தின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், தேர்தல் திருத்தச் சட்டம் மூன்றும் சேர்ந்து தோட்டமக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் இலங்கைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள் என்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், யாருடைய விருப்பம் எடைபோடப்பட்டது என்பது விளங்கும். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களோடுதான் நாடற்ற நிலை தீர்ந்தது. இதன் விளைவு ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. 1977க்குப் பிறகு வளைகுடா வேலைக்கு இலங்கையின் மற்றப் பகுதிகளிலிருந்து ஆட்கள் புறப்பட்டபோது, தோட்டமக்களில் பெருந்தொகையினரால் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை. பின்னாளில் குடியுரிமை கிடைத்தபோதும் பிறப்புப் பதிவில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்ற சிக்கல் இருந்தது. லயத்து அறைக்குத் தனி விலாசம் இல்லாததால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். இந்த இடைவெளியில்தான் தரகர் நுழைந்தார். பத்திரம் எடுத்துத் தருகிறேன், வயதைச் சரிசெய்து தருகிறேன், செலவைப் பிறகு கழித்துக்கொள்ளலாம் என்ற அவருடைய பேச்சு, பழைய முன்பணத்தின் அதே பேச்சு.

வளைகுடாவில் அவர்களை எதிர்கொண்டது கஃபாலா முறை. விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அவருடைய ஆட்சேபனையின்மைக் கடிதம் இல்லாமல் வேறிடம் போக முடியாது. விட்டுப் போனால் தப்பியோடியவர் என்று பொலிஸில் பதிவாகும். துண்டையும் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அறிந்தவருக்கு இதில் புதிதாக எதுவுமில்லை. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பதிவு, காப்புறுதி, முன்பயிற்சி என்று பல ஏற்பாடுகளைச் செய்தது, அவை தேவையானவையே. ஆனால் 2013 ஜனவரியில், கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதி அனுப்பப்பட்ட மூதூர்ப் பெண்ணொருவர் சவூதியில் மரண தண்டனைக்கு ஆளானபோது, இலங்கை அரசு எடுத்த முக்கிய நடவடிக்கை பெண்களின் வயதெல்லையை உயர்த்தியதும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மாரைத் தடுக்கும் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கியதும்தான். போகிறவரைக் கட்டுப்படுத்துவது எளிது. முதலாளியோடு ஆளைக் கட்டும் கயிற்றை அறுப்பதே கடினம். அதை அறுக்கும் வேலையை அந்த நாடுகளே பிறகு தொடங்க வேண்டியிருந்தது. கட்டார் 2020இல் ஆட்சேபனையின்மைக் கடிதத்தைக் கைவிட்டது. சவூதி 2021 மார்ச்சில் வேலை மாறும் உரிமையைத் தந்தது. ஆனால் அந்தச் சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளரைச் சேர்க்கவில்லை. ஊவாத் தோட்டங்களிலிருந்து போகும் பெண்கள் செய்வது பெரும்பாலும் அந்த வேலையைத்தான்.

இனிப் பயிற்சி விசாவுக்கு வருவோம். தென்கொரியா 1993இல் கைத்தொழில் பயிற்சியாளர் முறையைத் தொடங்கியது. வந்தவர்கள் தொழிற்சாலையில் முழுநேரம் உழைத்தார்கள். பத்திரத்தில் பயிற்சியாளர் என்று இருந்ததால் தொழிலாளிக்குரிய பாதுகாப்புக் கிட்டவில்லை. பலர் வெளியேறிப் பத்திரமின்றி வேறிடத்தில் வேலை செய்தார்கள். கடைசியில் அந்நாடு 2004இல் வேலை அனுமதி முறையைக் கொண்டுவந்து, 2007இல் பயிற்சியாளர் முறையை மூடியது. புதிய முறையில் இலங்கை தொடக்கத்திலிருந்தே பங்காளி. கொரிய மொழித் தேர்வில் சித்தியடைந்தவர் தரகர் இல்லாமல் அரசு வழியாகவே போகிறார், அங்குள்ள தொழிற்சட்டமும் அவருக்குப் பொருந்தும். வேலையிடம் மாறுவதற்கு மட்டும் எண்ணிக்கையிலும் காரணத்திலும் கட்டுப்பாடு உண்டு. ஜப்பானும் 1993இலேயே தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. வளரும் நாடுகளுக்குத் திறனைக் கொண்டுசேர்ப்பது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. முதலாண்டுப் பயிற்சியாளருக்குத் தொழிற்சட்டப் பாதுகாப்புக் கிடைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலாளியை மாற்றக் கூடாது என்ற அடிப்படை விதி அப்போதும் மாறவில்லை. 2023இல் மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிடத்தை விட்டு மறைந்தார்கள். 2024 ஜூனில் ஜப்பானியப் பாராளுமன்றம் அந்தத் திட்டத்தையே நீக்கி, 2027இலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அதே துறையில் முதலாளியை மாற்ற அனுமதிக்கும் புதிய முறைக்குச் சட்டமியற்றியது. அமெரிக்காவின் கலாசாரப் பரிமாற்ற விசாவிலும் இதே கதை உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் வளர்ந்த அந்த விசாவில் வந்த வெளிநாட்டு மாணவர்கள், 2011 ஓகஸ்டில் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி சொக்லட் பொதிசெய்யும் நிலையத்தில் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். கலாசாரம் காண வந்தவர்கள் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் விதிகளை இறுக்கியது. மூன்று நாடுகளிலும் பெயர் நன்றாகத்தான் இருந்தது. மூன்றிலும் விதியைத் திருத்த வைத்தவர்கள், வேலையை விட்டு வெளியேறியவர்களும் வேலையை நிறுத்தியவர்களுமே.

இதற்கு மூன்று மறுப்புகள் உண்டு; மூன்றும் மதிக்கத்தக்கவை. முதலாவது, அன்று பஞ்சம் துரத்தியது, கங்காணி ஏமாற்றினார். இன்று படித்த பிள்ளைகள் தாங்களாகவே விண்ணப்பித்துப் போகிறார்கள், இரண்டையும் ஒப்பிடலாமா என்பது. ஆனால் அன்று வந்தவர்களிலும் மிகப் பலர் தாங்களாகவே முடிவெடுத்து வந்தவர்கள்தான். புறப்படும்போது இருக்கும் விருப்பம் வேறு, போய்ச்சேர்ந்தபின் இருக்கும் உரிமை வேறு. முதலாவது இருந்ததென்று காட்டி இரண்டாவதை மறுப்பதைத்தான் துண்டு செய்தது. இரண்டாவது மறுப்பு முதலாளிகளுடையது: அழைத்துவரச் செலவழித்தவரை விட்டு ஆள் உடனே போய்விட்டால் யார் அழைப்பார்? இந்த இழப்பு உண்மை. ஜப்பானியக் கிராமத்துச் சிறு தொழிற்சாலைக்காரர் நகரத்துக் கூலியோடு போட்டியிட முடியாதுதான். ஆனால் அதற்குச் செலவை முதலாளிகள் பகிர்ந்துகொள்ளலாம், கூலியையும் தங்குமிடத்தையும் உயர்த்தலாம். ஆளைக் கட்டிவைத்து அந்த இழப்பை ஈடுசெய்யும்போது செலவு முழுவதும் மிகவும் வறியவரின் தலையில் விழுகிறது. 1921க்கு முன் தோட்டக்காரர் சொன்னதும் இதே வாதம். அதற்குப் பின் தேயிலை அழியவில்லை.

மூன்றாவது மறுப்பே கனமானது. தோட்டத்தில் நாட்கூலி ஆயிரம் ரூபாவாக வந்ததே 2021இல், அதுவும் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு. வெளிநாட்டுப் பணத்தில்தான் பலர் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பினார்கள். குறையுள்ள விசாவாக இருந்தாலும் அந்தக் கதவை மூடச் சொல்வது கொடுமை அல்லவா? கொடுமைதான், இந்த அத்தியாயம் அதைச் சொல்லவில்லை. தகரச் சீட்டு இல்லாவிட்டால் பஞ்சத்தில் மடிந்திருக்கக்கூடிய குடும்பங்களும் இந்த மலைகளில் உண்டு. பயிற்சி விசாவில் போய் உண்மையாகவே தொழில் கற்றுத் திரும்பியவர்களும் உண்டு. வருமானம் கிடைத்தது என்பது சீட்டின் குறைக்கு மன்னிப்பாகாது, அவ்வளவுதான். நல்ல கூலியும் விலகும் உரிமையும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. விலகும் உரிமை உள்ள இடத்தில் கூலி உயர்வதற்கே வாய்ப்பு அதிகம்.

ஆகவே இலங்கை அரசு எந்த நாட்டோடு தொழிலாளர் உடன்படிக்கை செய்தாலும் அதில் முதலில் பார்க்க வேண்டியது ஆட்தொகையையும் அனுப்பும் டொலரையும் அல்ல. முதலாளியை மாற்றும் உரிமை எழுத்தில் இருக்கிறதா? புறப்படும் செலவு தொழிலாளியின் கடனாகிறதா? கடவுச்சீட்டு அவர் கையில் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டு, ஸ்பிரிங்வெளியிலிருந்து போகும் பெண் ஒப்பமிடுவதற்கு முன் வாசிக்கக் கிடைக்க வேண்டும். பயிற்சி என்று சொல்லும் நாடு, பயிற்சி முடிந்தவர் எந்தப் பதவிக்கு உயர்வார் என்பதையும் சொல்ல வேண்டும். துண்டை ஒழிக்க மலையகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. தென்கொரியா பயிற்சியாளர் முறையை மூடப் பதினான்கு வருடமும் ஜப்பான் தன் திட்டத்தை நீக்கச் சட்டமியற்ற முப்பத்தொரு வருடமும் எடுத்தன. இவற்றை எல்லோருக்கும் முன்பாக அனுபவித்தறிந்த சமூகம் இது. அந்த அறிவோடு பேரம் பேசும் உரிமையும் பொறுப்பும் அதற்கு உண்டு.

அடுத்த அத்தியாயத்தில், 1964 உடன்படிக்கையின் பத்திரங்களோடு ஊவாவிலிருந்து கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போன குடும்பங்களைப் பின்தொடர்வோம்.